விசிறிக்கு அருகே தொங்கிய படம்

தெற்கே ஒரு சிறிய ஊரின் கலை அருங்காட்சியகத்தில் ஒருசமயம் மாவட்ட ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. கூடத்தில் ஓடுகிற மின்விசிறி ஒன்றே ஒன்று. அதற்கு மிக அருகில், கயிற்றில் தொங்கியது ஒரு சிறிய நீர்வண்ண ஓவியம்: தெருக்குழாயடியில் வரிசையாகக் குடங்கள்.

வெளியே கத்திரி வெயில். கூட்டம் எங்கே நின்றிருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓவியத்துக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தது.

"பார்த்தீரா? ஊரே என் முன்னால்தான் நிற்கிறது" என்றது அது, எதிர்ச்சுவரில் இருந்த குதிரைவீரன் ஓவியத்திடம்.

"நிற்கிறது. ஆனால் எல்லாரும் அண்ணாந்தல்லவா நிற்கிறார்கள்?"

"ரசனை முற்றினால் கண் மேலே செருகும்."

(ஓவியம் எங்காவது பேசுமா என்று கேட்பவர்கள், சுவருக்குக் காது உண்டு என்று எப்போதோ ஒப்புக்கொண்டவர்கள்தாம் என்பதை நினைவில் கொள்க.)

விசிறி நல்ல சுபாவம் உள்ளது. கேட்டும் கேளாததுபோலச் சுற்றியது.

கண்காட்சியின் கடைசி நாள் காலையில் காப்பாட்சியர் அங்கயற்கண்ணி, காவலர் சூசையிடம் வந்தார்.

"ஒரே ஒரு படத்தைத்தான் நிரந்தரமா வெச்சுக்க இடமிருக்கு. மத்ததெல்லாம் கிடங்குக்கு. ஜனங்க எதுக்கிட்ட அதிகம் நிக்கிறாங்கன்னு சாயந்தரம் வந்து பார்த்து முடிவு பண்றேன்."

சூசை விசிறியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்றார்.

"வெயில் தாழ்ந்தால் உன் கூட்டமும் தாழ்ந்துவிடும்" என்றான் குதிரைவீரன்.

கிடங்கில் இருட்டும் பூச்சியும் என்று ஓவியம் கேள்விப்பட்டிருக்கிறது. முதல்முறையாக அது விசிறியிடம் பேசியது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றேன்."

"சுற்றினால் நீ ஆடுவாய், தம்பி."

"ஆடிவிட்டுப் போகிறேன். கிடங்கில் கிடப்பதற்கு இது மேல்."

விசிறி தன்னால் ஆனமட்டும் சுற்றியது. ஆடிக்காற்றில் முருங்கைக்கிளை ஆடுவதுபோல ஆடியது ஓவியம். கூட்டம் குறையவில்லை.

சாயங்காலம் தென்காசிப் பேருந்துக்கு நேரமிருந்ததால் உலகம்மையும் அவள் கணவன் சிவனணைந்தபெருமாளும் உள்ளே வந்தார்கள்.

"ஏட்டி, இங்கன வா. காத்து சொகமா வருது."

உலகம்மை காற்றைக் கவனிக்கவில்லை. "ஏங்க, இந்தப் படத்துல என்னமோ இருக்கு. ஆடுத ஆட்டத்துல ஒண்ணும் தெரியல." பிடித்து நிறுத்தக் கையை நீட்டினாள்.

"தொடக் கூடாது தாயி" என்றார் சூசை.

"அப்பம் அந்த ஃபேன நிப்பாட்டுங்க அண்ணாச்சி."

கூட்டம் திடுக்கிட்டது.

"நிப்பாட்டுனா நான் வெந்துருவேன்!" என்றான் கணவன்.

"வேவுங்க. அடுப்படியில நான் தெனமும் வேவுதேன்லா?"

"நின்றுவிடாதே அண்ணே!" என்று அலறியது ஓவியம். "இவள் ஒருத்திக்காக மொத்தக் கூட்டமும் போய்விடும்!"

"போகட்டும் தம்பி. அவர்கள் என்னிடம் வந்தவர்கள். உன்னிடம் வந்தவள் இவள்தான்."

சூசை சுவிட்சை அணைத்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் அங்கயற்கண்ணி வந்து நின்றார். காலியான கூடத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது.

ஓவியம் அசையாமல் தொங்கியது. அத்தனை நாளில் முதல்முறையாக. உலகம்மை கிட்டே போனாள்.

"ஆத்தாடி! கொடத்து வரிசையில ஒரு கல்லு நிக்கி பாருங்க!"

"வரைஞ்சவனுக்குப் பெயிண்டு தீந்திருக்கும்."

"சும்மா இருங்க. எவளோ ஒருத்தி எடம் போட்டுட்டுப் போயிருக்கா. பின்னால அந்த நீலக் கொடத்தப் பாருங்க. கல்ல நைசா இடிச்சுத் தள்ளுது!"

சிவனணைந்தபெருமாள் குனிந்து பார்த்தான். "அட, ஆமா! களவாணிக் கொடம்."

"எங்கே?" என்று அங்கயற்கண்ணி பக்கத்தில் வந்தார். அந்தப் படத்தைத் தன் கையால் மாட்டியவர் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

"அதோ, தெருமுனையில ஒரு சேலைத் தலைப்பு தெரியுது பாருங்க. கல்லுக்காரி வந்துக்கிட்டே இருக்கா!"

"அப்பம் இன்னைக்குச் சண்டைதான்" என்றாள் உலகம்மை ஆசையாக.

"சூசை, இந்தப் படத்து ஆணியைப் பிடுங்க வேண்டாம். இது இங்கேயே இருக்கட்டும்."

சரி என்று சொல்ல வந்த சூசையும் குனிந்து சேலைத் தலைப்பைத் தேட ஆரம்பித்தார். நான்கு பேரும் வியர்க்க வியர்க்க, அந்தக் கல்லுக்காரி வந்து சேர்வதற்காகக் காத்து நின்றார்கள்.

விசிறியை மறுபடி போட ஒருவருக்கும் தோன்றவில்லை.