அண்டாதிபதியும் கூவிய கோழியும்

கேட்க வந்தவர்களே, உட்காருங்கள். ராஜாக்கள் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டு, அந்தச் செலவுக்கு நம்மிடமே வரி வாங்கிய காலத்துக் கதை இது. அந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று யாரும் குறுக்கே கேட்க வேண்டாம்.

மஞ்சக்கரை என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றால், காலையில் இந்த எல்லையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்கு அந்த எல்லைக்குப் போய்விடலாம். அந்த நாட்டுக்கும் ஒரு ராஜா இருந்தான். ராஜாவுக்கு ஒரு புலவர் இருந்தார். புலவருக்கு ஒரு வயிறு இருந்தது.

அந்த வயிற்றுக்காகப் புலவர் ஒருநாள், “அண்டமெல்லாம் ஆளும் அரசே” என்று பாடினார்.

“அண்டம் என்றால் என்ன புலவரே?” என்று ராஜா கேட்டான்.

“உலகம், அரசே. இன்னொரு பொருளும் உண்டு. முட்டை.”

ராஜா யோசித்தான். உலகம் தூரத்தில் இருந்தது. அதைப் பிடிக்கப் படை வேண்டும், யானை வேண்டும், துணிச்சல் வேண்டும். முட்டை பக்கத்தில் இருந்தது.

“அப்படியானால் முட்டையெல்லாம் என்னுடையது” என்றான். அன்று முதல் அவன் பெயர் அண்டாதிபதி.

காவலர்கள் வீடு வீடாக வந்தார்கள். கோழியைப் பிடித்தார்கள், சேவலைப் பிடித்தார்கள், ஓடிய குஞ்சையும் துரத்திப் பிடித்தார்கள். எல்லாம் அரண்மனைக் கொட்டிலுக்குப் போயின. கொட்டில் வாசலில் முட்டைக் கடை திறந்தார்கள்.

முதல் வருஷம் ஒரு முட்டை ஒரு உழக்குக் கம்பு. மறுவருஷம் ஒரு படி. அதற்கு மறுவருஷம் ஒரு மரக்கால். ஏன் என்று கேட்டவர்களுக்கு அமைச்சர் நுண்மதியார் விளக்கம் சொன்னார். கோழிக்குச் சளி என்றார். அடுத்த முறை மழை இல்லை என்றார். அதற்கடுத்த முறை மழை அதிகம் என்றார். மூன்றையும் கேட்டு மூன்று முறையும் தலையாட்டிவிட்டு வந்தார்கள் நம் ஜனங்கள்.

ஆனால் மஞ்சக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டையும் அதே ஓட்டில் நல்லெண்ணெயும் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலம். மரக்கால் கம்புக்கு ஒரு முட்டை என்றான பிறகு ஏழை வீட்டுப் பெண்ணுக்கு எண்ணெய் மட்டும்தான் மிஞ்சியது. அப்போதுதான் கோபம் வந்தது. கையில் கல்லோடு அரண்மனை வாசலில் கூடினார்கள்.

அமைச்சர் மாடத்தில் வந்து நின்றார். சிரித்த முகம்.

“முட்டை விலை உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நியாயம். அதற்கு எதற்குக் கல்? நீங்களே கோழி வளர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒன்று தருகிறோம். விலை ஒரு வெள்ளாடு.”

கல்லைக் கீழே போட்டுவிட்டு ஆட்டைப் பிடித்துவர ஓடினார்கள். யார் முதலில் ஓடினார்கள் என்று கேட்காதீர்கள். அதிகமாகக் கத்தியவர்கள்தான்.

அந்த வரிசையின் கடைசியில் நின்றவள் சிலம்பாயி. விளக்குமாறு கட்டி விற்பவள். புருஷன் ராஜாவின் எல்லைச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவன். மகள் வேம்பி வயதுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இருந்த ஒரே ஆட்டைக் கொடுத்தாள். கூண்டில் மிச்சமிருந்த ஒரே குட்டிக் கோழியைக் கொடுத்தார்கள். நெட்டைக் காலும் ஒட்டிய வயிறுமாக அது அவளையே முறைத்தது.

ஊரெல்லாம் கோழிகள் முட்டையிட்டன. சிலம்பாயியின் கோழி தின்றது, உறங்கியது, முறைத்தது. முட்டை மட்டும் இடவில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டுவாள். “என்ன மதினி, உங்க கோழி இன்னைக்காவது போட்டுச்சா?”

“போடும் போடும்.”

“ராஜா வீட்டுக் கோழியில்ல. கையெடுத்துக் கும்பிட்டாத்தான் போடும் போல.”

சிலம்பாயி கோழியைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். மாற்றித் தரச் சொன்னாள். கொட்டில் அதிகாரி அதன் வாலைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், கடைசியில் அவளுடைய கிழிந்த சேலையைப் பார்த்தார்.

“அரண்மனை கோழி என்று கொடுத்தால் அது கோழிதான். போ.”

இதை மறந்துவிடாதீர்கள். பிறகு தேவைப்படும்.

கொஞ்ச காலத்தில் ஊர்க் கோழிகள் அடைக்கு உட்கார்ந்தன. ஒவ்வொரு வீட்டிலும் கூடையில் வைக்கோல் பரப்பி முட்டை வைத்தார்கள். மூன்று வாரம் காத்திருந்தார்கள். ஒரு குஞ்சுகூட வரவில்லை. உடைத்துப் பார்த்தால் எல்லாம் கூமுட்டை. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடியது.

அமைச்சர் பொறுமையாக விளக்கினார். “சேவல் இல்லாமல் குஞ்சு எப்படி வரும்? சேவல் பொழுது விடிவதை அறிவிக்கும் பறவை. இந்த நாட்டில் பொழுது விடியலாமா என்பதை ராஜாதான் முடிவு செய்கிறார். ஆகவே சேவல் ராஜாவுக்கு மட்டும். எவர் வீட்டில் சேவல் கூவினாலும் அந்த வீடு இடிக்கப்படும், ஆட்கள் எல்லைக்கு வெளியே துரத்தப்படுவார்கள். உங்கள் கோழி கிழடானால் ஆட்டோடு வாருங்கள், வேறு கோழி தருகிறோம்.”

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, கூமுட்டை கூடையில் மட்டும் இல்லை என்று.

மறுநாள் விடியலில் சிலம்பாயியின் கோழி குப்பைமேட்டில் ஏறி நின்றது. சிறகை மூன்று முறை தட்டியது. கழுத்தை நிமிர்த்தி, “கொக்கரக்கோ” என்றது.

சிலம்பாயி பாய்ந்து போய் அதன் அலகைப் பொத்தினாள். மறு கையால் அரிவாள்மணையை இழுத்தாள். சுவருக்கு மேலே பேச்சியின் தலை முளைத்தது.

“என்ன மதினி செய்யப்போறீங்க?”

“குழம்பு வைக்கப்போறேன். வீட்டை இடிச்சா வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?”

“குழம்பு ஒரு பொழுதுக்கு மதினி. இந்த ஊர்ல இருக்கிற ஒரே ஆம்பளை இதுதான். அறுத்துப்புடாதீங்க.”

சொல்லிவிட்டுத் தன் கோழியைச் சுவர் தாண்டி இறக்கிவிட்டாள்.

சேவல் கழுத்தை நிமிர்த்தினால்தான் கூவும். நிமிர இடமில்லாத சேவல் கூவாது. மனுஷனும் அப்படித்தான், அதை வேறொரு நாள் பேசுவோம். சிலம்பாயி உயரம் குறைந்த கூடை ஒன்றை எடுத்துப் பொழுது சாய்ந்ததும் அதன்மேல் கவிழ்த்தாள். பகலில் சேவல் வேலை பார்த்தது. தெருக்காரர்கள் கோழியை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள். சிலம்பாயி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை கூலி கேட்டாள். வேம்பிக்கு அன்றாடம் முட்டை கிடைத்தது. கூடை நிறைந்தது. சிலம்பாயி கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் பேச்சி கேட்டாள்: “மதினி, ஓலையில ஒரு கிரீடம் முடைஞ்சு தரட்டுமா?”

“எதுக்கு?”

“அண்டாதிபதிக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கான்னு ஊருக்குத் தெரியட்டுமே.”

மறுநாளே சிலம்பாயி கூலியை நிறுத்தினாள். சேவலை வீடு வீடாகத் தானே எடுத்துக்கொண்டு போனாள். யார் வீட்டையும் விடவில்லை. செக்கு வைத்திருந்த பொன்னுரங்கம் வீட்டுக்கும் போனாள். அவன் எச்சில் கையால் காக்காய் விரட்டாதவன். ஊர்க்கூட்டம் எதற்கும் வராதவன். காவலர் வீட்டுத் தெருவுக்கும் போனாள்.

பேச்சி பின்னாலேயே ஓடிவந்தாள். “அங்கெல்லாம் எதுக்கு மதினி? காட்டிக் குடுத்துருவானுக.”

“அவன் வீட்டுக் கூடையிலயும் முட்டை இருந்தா எப்படிக் காட்டிக் குடுப்பான்?” என்றாள் சிலம்பாயி.

மஞ்சக்கரையில் மறுபடியும் கோழிகள் அடைக்கு உட்கார்ந்தன.

சேவல் சும்மா இருக்குமா? கொழுத்தது, வளர்ந்தது. ஒரு விடியலில் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டே எழுந்து நின்று கூவியது. கூடைமேல் கல் வைத்தாள். கல்லையும் உருட்டிவிட்டுக் கூவியது. அரண்மனை வரை கேட்டது. ராஜா படுக்கையில் புரண்டு, “என் உத்தரவில்லாமல் எவன் வீட்டில் பொழுது விடிகிறது?” என்று கேட்டான்.

முதல் நாள் காவலர் தலைவன் வீரபாகு ஆட்களோடு வந்தான். சிலம்பாயியின் வாசலை அவன் நெருங்கும்போது பேச்சி தெருவில் நின்று தொண்டையைத் திறந்து, “கொக்கரக்கோ” என்றாள்.

“நீயா கூவினே?”

“ஆமாங்க எசமான். கடைவாய்ப் பல்லு வலி. கத்துனா இப்படித்தான் வருது.”

வீரபாகு சிலம்பாயியின் வீட்டுக்குள் போனான். அடுப்புக்குள் தேடினான், உறிக்குள் தேடினான். கூடையின் அடியில் அரிவாள் மாதிரி வளைந்த வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இது என்ன?”

“அரண்மனையில குடுத்த கோழிங்க.”

“அரண்மனை கொடுத்தால் கோழிதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏன் போனான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் தெருவே கூவியது. குயவன் கூவினான், வண்ணாத்தி கூவினாள், பல் போன கிழவர் ஒருவர் காற்றாகவே கூவினார். வீரபாகு அத்தனை பேருக்கும் பல் வலி என்று போய்ச் சொன்னான்.

மூன்றாம் நாள் அமைச்சரே புறப்பட்டார். கெட்டிக்காரர், கொள்ளையடிக்கிறவன் முட்டாளாக இருப்பான் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்டோரா போட்டார்: “நாளை விடியலில் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து கைகட்டி நிற்க வேண்டும். எவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்த வாயில் நாக்கு இருக்காது.”

விடிய இன்னும் கொஞ்ச நேரம். ஊர் முழுக்கத் தெருவில் கைகட்டி நின்றது. நடுவில் பல்லக்கில் ராஜா. ஒரு பக்கம் அமைச்சர், மறுபக்கம் புலவர். சுற்றிலும் கத்தியோடு காவலர்கள். இலை அசைந்தாலும் கேட்கும் போல இருந்தது. சிலம்பாயி வேம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் சிறகு தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டு முடிந்தால் கூவிவிடும். கூவினால் வீடு போகும்.

பேச்சி வாயைத் திறந்தாள், நாக்கை நினைத்து மூடிக்கொண்டாள். கூட்டங்களில் கத்திப் பேர் வாங்கியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது ஒரு மூலையிலிருந்து எண்ணெய் வற்றிய செக்கு மாதிரி ஒரு குரல் கிளம்பியது. “கொக்கரக்கோ.”

பொன்னுரங்கம். ஒருநாளும் ஒருவருக்காகவும் வாய் திறக்காத பொன்னுரங்கம். கட்டிய கையை எடுக்காமலே கூவினான். வீரம் என்று நினைக்காதீர்கள். அவன் வீட்டுக் கூடையில் அன்றைக்குப் பொரிய வேண்டிய முட்டைகள் இருந்தன. முந்தின ராத்திரிதான் காதில் வைத்துப் பார்த்தான். உள்ளே கொத்தும் சத்தம் கேட்டது. சேவல் பிடிபட்டால் எந்தக் கோழி அதனிடம் போனது என்று கேட்பார்கள், கூடையைக் கவிழ்ப்பார்கள். அவனால் அதைப் பொறுக்க முடியாது.

அவன் பக்கத்தில் நின்றவனுக்கும் ஒரு கூடை இருந்தது. அவன் கூவினான். அதற்குப் பக்கத்தில் நின்றவளுக்கும் இருந்தது. பேச்சி கூவினாள், வேம்பி கூவினாள். தெரு கூவியது, அடுத்த தெரு கூவியது. அதற்குள் சேவலும் கூவியது. யாருக்குக் கேட்டது?

“வெட்டு, நாக்கை வெட்டு” என்று அமைச்சர் கத்தினார். காவலர்கள் நகரவில்லை. வீரபாகு கத்தியை உறையில் போட்டான். மீசையைத் தடவினான். பிறகு கழுத்தை நிமிர்த்தி அவனும் கூவினான். அவன் பெண்டாட்டியும் மூன்று வாரமாக அடை வைத்திருந்தாள். முதல் நாள் அவன் கண்ணுக்கு வால் தெரியாமல் போனது இதனால்தான்.

பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் கூவினார்கள். கையை விட்டுவிட்டுக் கூவினார்கள். ராஜா தரையில் கிடந்தான்.

“இத்தனை நாக்கையும் வெட்டினால் எனக்கு வாழ்க சொல்வது யார்?” என்று அவனுக்கு அங்கேதான் தோன்றியது. “புலவரே, என்ன நடக்கிறது?”

புலவர் மெல்லக் குனிந்தார். அவர் கட்டிலுக்கு அடியிலும் ஒரு கூடை இருந்தது. “அண்டம் பொரிந்துவிட்டது, அரசே” என்றார்.

அன்றைக்கு மஞ்சக்கரையில் உத்தரவு வாங்காமல் பொழுது விடிந்தது. வீட்டுக்கு வீடு குஞ்சுகள் வந்தன. குஞ்சு கோழியானது, சேவலானது. முட்டைக் கடையில் விலை மரக்காலிலிருந்து படிக்கு இறங்கியது, படியிலிருந்து உழக்குக்கு இறங்கியது, உழக்குக்கும் ஆள் வரவில்லை. கடைசியில் அமைச்சரே தட்டில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுப் பார்த்தார். பேச்சி ஒன்றை வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஊரின் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷமே, “முதலில் கூவியது நான்தான்” என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. புலவருக்குச் சந்தையில் சிலை வைத்தார்கள். சேவல் கிழடாகி ஒரு திருவிழாவில் குழம்பானது. சிலம்பாயி இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

உத்தரவில்லாமல் பொழுது விடிந்த அந்த முதல் நாள் காலையில் மட்டும் அவள் வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய், பேச்சி கொடுத்த ஒரு முட்டையின் தலையை மெல்லத் தட்டி உடைத்தாள். வேம்பியின் வாயில் ஊற்றினாள். அதே ஓட்டில் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுத்தாள். வேம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினாள்.

“இந்தக் கண்றாவிக்காகவா அம்மா இத்தனை கூத்து?”

“குடி. நாளைக்கும் உண்டு” என்றாள் சிலம்பாயி.

ஆகவே கேட்டவர்களே, உங்கள் நியாயத்துக்காக அடுத்தவன் வாய் திறக்க வேண்டுமானால், அந்த நியாயம் அவன் வீட்டுக் கூடையிலும் அடையில் இருக்க வேண்டும்.