காட்டுக்கு மூன்று வேளைப் புகை

தொப்பலாங்குட்டையைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். நான் பேச மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்த ஊர். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அது உங்கள் பாடு.

ஊருக்குப் பின்னால் கரட்டு மேட்டில் ஒரு சிறிய காடு. சுற்றிலும் நெல்லியும் புளியும், நடுவில் வேங்கை மரங்கள். அந்தப் புளியில்தான் வருஷம் பூராவும் ஊர்க்குழம்பு கொதிக்கும். காட்டைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் கொண்ட கமிட்டி. தலைவர் தீர்த்தகிரி, அவர் தங்கை கோவிந்தி, கோவிந்தியின் கணவர் மாதப்பன். பின்னவர்கள் இருவரும் என் மாமியார், மாமனார். மூவரும் யோசிக்காமல் எதையும் செய்ததில்லை. சிக்கலே அதுதான்.

ஒரு தை மாதம் வனத்துறை அதிகாரி திலகவதி வந்து இருபது வேங்கைகளுக்கு நம்பர் தகடு அடித்தார்.

"நாட்டுல இருக்கிற காடெல்லாம் எவ்வளவு புகையை இழுக்குது, எவ்வளவு வெளிய விடுதுன்னு கணக்கெடுக்கிறோம். ஊர் விடுற புகையை உள்ள இழுத்துத்தான் மரம் பருக்குது. நெஞ்சு உயரத்துல கயிறு சுத்தி அளந்து எழுதி வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி அளக்கணும். பருத்திருந்தா காடு உங்க பொறுப்புலயே இருக்கும். இளைச்சிருந்தா வேலி போட்டு மூடிருவோம். அப்புறம் ஒரு புளியங்கொட்டைகூட எடுக்க முடியாது" என்றார்.

அன்று அளந்தவர் மளிகைக் கடை சின்னபையன். நாலடி உயரம். அவருடைய நெஞ்சு மரத்தின் அடித்தூருக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தில் எந்த மரமும் தடிமனாகத்தான் இருக்கும்.

ஐந்து வருஷம் போயிற்று. சின்னபையன் மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். அதனால் இந்தமுறை மாதப்பன் தன் நெஞ்சு உயரத்தில் அளந்தார். மாதப்பன் ஆறரை அடி. இருபது மரமும் இளைத்திருந்தன.

மூவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரு மரம்னா நோவுன்னு சொல்லலாம். இருபதும் இளைச்சா என்ன அர்த்தம்?" என்றார் தீர்த்தகிரி.

"பட்டினிண்ணா." கோவிந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "புகையைத் தின்னுதான் பருக்கும்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போச்சு. நாமபாட்டுக்கு வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வாங்கிட்டோம். இதுங்களுக்கு யாரு புகை வெச்சாங்க?"

அதிகாரி வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் மரங்களைத் தேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலி விழும், குழம்பும் கிடையாது.

முதல் நாள் மாதப்பன் பீடி பற்றவைத்து, ஒன்றாம் நம்பர் வேங்கையின் மேல் பக்குவமாக ஊதினார். ஒரு கட்டு தீர்ந்தது. அளந்து பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது.

"கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தா இத்தாம்பெரிய உடம்பு எப்படித் தேறும்?" என்று கோவிந்தி அதட்டினார்.

சருகைக் கொளுத்தினார்கள். அது புகையாமல் எரிந்து தொலைத்தது. பச்சை மரம்தான் நன்றாகப் புகையும் என்று தீர்த்தகிரி கண்டுபிடித்தார்.

"பச்சை மரத்துக்கு எங்க மச்சான் போறது?" என்றார் மாதப்பன்.

"இதோ நெல்லி நிக்குதே. நம்பரே இல்ல. நம்பர் இல்லாதது காட்டுல சேர்த்தியா என்ன?"

ஊரே அரிவாளோடு வந்தது. தினம் மூன்று வேளை புகை போட்டதில் நெல்லி பத்து நாளில் தீர்ந்தது. அமாவாசைக்கு மட்டும் ஒரு வேளைப் புகையோடு நிறுத்தினார்கள். மாசியில் வேங்கை இலை உதிர்க்கும். பதினாலாம் நம்பர் உதிர்த்ததும், அஜீரணம் என்று கோவிந்தி அதன் வேரில் ஒரு குடம் ஓமத்தண்ணீர் ஊற்றினார்.

அடுத்து புளியமரம். அங்கே மாதப்பன் தயங்கினார்.

"மச்சான், புளிக்காகத்தானே இவ்வளவும் பண்றோம்?"

"காடு நம்ம கையில இருந்தாத்தானே மாப்ள புளி? முதல்ல காட்டைக் காப்பாத்துவோம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வெட்டினார்கள்.

பங்குனியில் திலகவதி வந்தார். மொட்டைக் கரட்டில் கரி பூசிய இருபது வேங்கைகள் நின்றன. கொஞ்ச நேரம் ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று பார்த்தார்.

"மத்த மரமெல்லாம் எங்க?"

"உள்ள இருக்குங்கம்மா" என்றார் தீர்த்தகிரி.

"எதுக்குள்ள?"

தீர்த்தகிரி ஒன்றாம் நம்பர் வேங்கையைத் தட்டிக் காட்டினார். "எல்லாத்தையும் புகையா ஊட்டிட்டோம். ஒரு குச்சி வெளிய போகலம்மா."

திலகவதி சட்டப் புத்தகத்தை விரித்தார். மரத்தை வெட்டித் திருடினால் ஒரு பிரிவு, வெட்டி விற்றால் ஒரு பிரிவு. வெட்டி இன்னொரு மரத்துக்கு ஊட்டினால் என்ன செய்வதென்று எங்கேயும் போடவில்லை. மூடி வைத்துவிட்டார்.

கோவிந்தி குறுக்கே வந்து கேட்டார். "வேலி போட்டுருவீங்களாம்மா?"

"எதைச் சுத்தி?" என்று கேட்டுவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வேலி இல்லை! ஊரே ஆரவாரம் செய்தது. மாதப்பனைத் தோளில் தூக்க நாலு பேர் பார்த்து, முடியாமல் இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை எல்லோரும் கூடையோடு புளி பொறுக்கப் போனார்கள். அங்கே வேங்கைதான் இருந்தது. ஊர் தீர்த்தகிரியைப் பார்த்தது.

"ஏன் முழிக்கிறீங்க? புளியமரத்தை இதுங்கதானே தின்னுச்சு? தின்னது எங்க போகும்? இதுலயே காய்க்கும்" என்றார் அவர்.

"உடனே புளி வராது மச்சான். முதல்ல நெல்லியைத்தான் போட்டோம். வரிசைப்படிதான் வரும்" என்றார் மாதப்பன். கோவிந்தி வீட்டுக்கு ஓடி ஊறுகாய்க்கு உப்பு எடுத்து வந்தார்.

போன வாரம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. கரட்டுக்குப் போனேன். ஒவ்வொரு வேங்கைக்குக் கீழேயும் நாலு பேர் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கவே எனக்குச் சங்கடமாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் இவர்களுக்கு விவரம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

மாமனார் நகர்ந்து இடம் விட்டார். "கூடை கொண்டு வந்தீங்களா மாப்ள?"

இரண்டு கொண்டு போயிருந்தேன். ஒன்று புளிக்கு, ஒன்று கொட்டை எடுத்த புளிக்கு.