கட் சொல்லாத ஷாட்

"நல்லது சொல்ற படத்துக்காக ஒரே ஒரு பொய் சொன்னா, அது பாவமா அக்கா?"

இளங்குமரன் இதைக் கேட்டது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. சினிமாக்காரர்களுக்குப் பொறுமை ஏது? பாவ புண்ணியத்தைக்கூட நின்றபடியேதான் விசாரிப்பார்கள்.

தமயந்தி திரும்பிப் பார்க்கவில்லை. வளசரவாக்கத்து எடிட்டிங் அறையில் உட்கார்ந்து படங்களை வெட்டி ஒட்டுகிறவர் அவர். டைரக்டர் ஆவதற்கு முன்னால் இளங்குமரன் அவரிடம்தான் தொழில் கற்றான். வயதில் அவனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இருந்தாலும் குரு என்றால் அவனுக்கு அவர்தான்.

"யார்கிட்ட சொன்ன?" என்றார்.

"பவிஷாகிட்ட."

பவிஷாவுக்கு ஆறு வயது. இளங்குமரனின் முதல் படத்தில், குடிகார அப்பனுக்காகக் காத்திருக்கும் மகளாக நடித்தவள்.

படம் குடியைப் பற்றியது. பார்த்துவிட்டு ஒரு அப்பனாவது பாட்டிலைக் கீழே வைக்க வேண்டும் என்று இளங்குமரன் மெய்யாகவே ஆசைப்பட்டான். அதில் பாசாங்கு இல்லை. அவனுடைய அப்பா குடித்தே செத்தவர்.

"உட்காரு," என்றார் தமயந்தி.

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னான்.

படத்தின் கடைசி ஷாட். அப்பா இனி வரமாட்டார் என்று தெரிந்து, பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து அழ வேண்டும். பவிஷாவுக்கு எல்லாம் வரும், அழுகை மட்டும் வராது. கிளிசரின் போட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள்.

இளங்குமரனோ லேசில் திருப்தி ஆகாதவன். விரலைத் தூக்கி "ஒன் மோர்" என்று மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருப்பான். டீ சரியில்லை என்றால் டீக்காரரிடமும் ஒன் மோர் கேட்பான் என்று யூனிட்டில் கேலி உண்டு. பவிஷாவும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தியில் விரலைத் தூக்கி அப்பளத்துக்கு ஒன் மோர் சொல்லுவாள்.

அன்றைக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவன் பவிஷாவின் அம்மா லோகேஸ்வரியிடம் ஏதோ சாக்குச் சொல்லி டீக்கடைக்கு அனுப்பினான். பிறகு பிள்ளைக்கு எதிரே மண்டியிட்டான். அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க, இனிமே வரவே மாட்டாங்க என்று காதில் சொன்னான்.

பிள்ளை அழுதது. ஒரே டேக்.

"யூனிட்டே கை தட்டுச்சுக்கா. நானும் தட்டினேன்."

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்துவிட்டாள். பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

நேற்று பவிஷா டப்பிங்குக்கு வந்தாள். அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். மைக் முன்னால் நிற்கும்போதும் விடவில்லை. லோகேஸ்வரிக்கு அந்தப் பொய்யைப் பற்றி எதுவும் தெரியாது. பேச்சுவாக்கில்தான் சொன்னாள். ஷூட்டிங் முடிந்ததிலிருந்தே பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாளாம். அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள், மந்திரிக்க வேண்டும் என்றாள்.

"அதுலேருந்து எனக்குச் சோறு இறங்கலக்கா."

படம் நாளைக்கு சென்சாருக்குப் போக வேண்டும். அந்த ஷாட்தான் படத்துக்கே உயிர் என்கிறார் தயாரிப்பாளர். பார்த்தவர்கள் எல்லாரும் அழுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் படம் சப்பென்று முடியும் என்று இளங்குமரனுக்கே தெரியும்.

"வைக்கட்டுமா, வெட்டட்டுமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

தமயந்தி படத்தின் தொடக்கத்தை ஓட்டினார். எல்லாப் படத்திலும் வருகிற அந்த வாசகம் திரையில் வந்தது. இப்படத்தில் விலங்குகள் எதுவும் துன்புறுத்தப்படவில்லை.

"எந்த விலங்கு?"

"ஒரு சீன்ல ஆடு வருதுக்கா."

"ஆட்டுக்கு டாக்டர் வச்சிருந்தியா?"

"வச்சிருந்தோம். வெயில்ல நிறுத்தக் கூடாதுன்னாரு. குடை பிடிச்சோம்."

"இப்ப ஆடு நல்லா இருக்கா?"

இளங்குமரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனாலும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் தினமும் அழுகிறார்கள் என்று ஆரம்பித்தான். அந்த அழுகையெல்லாம் நிற்பதற்காக இங்கே ஒரு பிள்ளை ஒரு நாள் அழுதால் தப்பா என்று கேட்டான்.

"ஒரு நாளா?" என்றார் தமயந்தி.

"அப்ப வெட்டிடுங்க," என்றான் கடைசியில். "இப்பவே வெட்டிடுங்கக்கா. அது இருக்கவே வேணாம்."

வெட்டிவிட்டால் இன்று ராத்திரியாவது தூங்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

தமயந்தி வெட்டவில்லை. அந்த ஷாட்டைக் காமிராவிலிருந்து வந்தபடியே முழுசாக எடுத்துப் போட்டார். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

வாசற்படியில் பவிஷா அழுதாள். வாயைத் திறந்து, சத்தம் வராமல் கொஞ்ச நேரம், பிறகு சத்தத்தோடு. படத்தில் வருவது அதுவரைக்கும்தான். இங்கே ஷாட் இன்னும் ஓடியது. கைதட்டல் கேட்டது. பிரமாதம் சார் என்று யாரோ சொன்னார்கள். லைட்டை அணைக்கச் சொல்லி ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். காமிராவைத் தோளிலிருந்து இறக்கியதும் படம் சாய்ந்து தரையைக் காட்டியது. அழுகை மட்டும் நிற்கவில்லை. பிறகு எல்லாம் கறுப்பாகிவிட்டது.

தமயந்தி மறுபடி போட்டார்.

"என்ன கேக்குது?"

"அழுகை. கைதட்டல்."

இன்னொரு முறை போட்டார்.

"என்ன கேக்கல?"

இளங்குமரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் படப்பிடிப்பில் பவிஷாவை மடியில் உட்கார வைத்து அவன்தான் சொல்லிக் கொடுத்தான். இங்க நடக்கிறது எல்லாம் பொய். இந்த வீடு பொய், இந்த அப்பா பொய். மாமா கட்னு சொன்னதும் பொய் எல்லாம் முடிஞ்சிடும், அதுக்கப்புறம் பயப்படவே கூடாது. பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவன் கட் என்று சொன்னதும் அம்மாவிடம் துள்ளி ஓடுவாள். அவன் சொல்லும்வரை, மற்றவர்கள் எழுந்து போனாலும், இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாள்.

"நான் கட் சொல்லலக்கா," என்றான். "கை தட்டிட்டு இருந்துட்டேன்."

தமயந்தி திரையை அணைத்தார்.

"அப்ப ஷாட் இன்னும் முடியல. முடியாத ஷாட்ட நான் வைக்கவும் மாட்டேன், வெட்டவும் மாட்டேன். போய் முடிச்சுட்டு வா."

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் லோகேஸ்வரி வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. வழியெல்லாம் இளங்குமரன் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். படியேறும்போது அத்தனையும் மறந்துவிட்டது.

லோகேஸ்வரி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டைரக்டர் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பெருமை. டீ போட உள்ளே போனாள். முந்தானையைப் பிடித்தபடி பவிஷாவும் கூடவே போனாள், கூடவே வந்தாள்.

அவன் முதலில் லோகேஸ்வரியிடம் சொன்னான். எதையும் குறைக்காமல் சொன்னான்.

அவள் டீ டம்ளரை அவன் கையில் கொடுக்கவில்லை. அப்படியே தரையில் வைத்தாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இளங்குமரன் நாற்காலியைவிட்டு இறங்கி, அன்றைக்கு மாதிரியே பிள்ளைக்கு எதிரே மண்டியிட்டான். பவிஷா சட்டென்று அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள். அவனுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் யார் முன்னாலும் அவன் இப்படிப் பயந்ததில்லை.

"பவிஷா, அன்னிக்கு மாமா சொன்னது பொய்டா. அம்மா உன்னை விட்டுட்டுப் போகவே இல்ல. டீக்கடைக்குத்தான் போனாங்க. மாமாதான் போகச் சொன்னேன்."

முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் அவனைப் பார்த்தது.

"கட்," என்றான். குரல் பாதிதான் வந்தது.

பவிஷா அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்ல வெளியே வந்து அவனைப் பார்த்தாள். ஒரு கை முந்தானையை விடவில்லை. இன்னொரு கையில் ஒற்றை விரலைத் தூக்கினாள்.

"ஒன் மோர்."