யார் முதலில் விடுவது

சோழிங்கநல்லூர் கம்பெனியில் கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலை எழுதும் ஒப்பந்தப் பணியாளர் இசக்கியம்மாள். பணி நிரந்தரம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் முதலாளிகள் முன்னால் மேலாளர் வரதராசன் அதட்டினார். "சிஸ்டம் ஏம்மா அப்படியே உறைஞ்சு நிக்குது? இவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லு."

"என் வேலை நிரந்தரம் மாதிரிதான் சார். எச்.ஆர். கையெழுத்துப் போட்டாத்தான் போடுவேன்னு நீங்க சொல்றீங்க. நீங்க போட்டாத்தான்னு அவங்க. சிஸ்டத்துக்கு உள்ளேயும் ஒரே நேரத்துல ஓடுற ரெண்டு வேலை, த்ரெட்டுன்னு பேரு, தன் பூட்டை விடாம அடுத்ததோட பூட்டுக்குக் காத்துக்கிடக்கு."

முதலாளிகள் சிரித்துவிட்டார்கள். வரதராசனுக்கு முகம் கறுத்தது.

"அதை எப்படி அவிழ்க்கிறது?" என்றார்.

"ரெண்டுல ஒண்ணைக் கொன்னுடணும் சார்."

மறுநாள் காலை அவளுடைய அடையாள அட்டைக்கு வாசற்கதவு திறக்கவில்லை. காவலாளி நீட்டிய பணிநீக்க உத்தரவில் இரண்டு கையெழுத்தும் இருந்தன. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கவே இல்லை.