கதவுக்கு வெளியே நின்ற டைரக்டர்

டைரக்டர் சிம்மாசலம் தன் குருவிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"குருவுகாரு, எனக்கு இந்தப் பயம் எப்பதான் போகும்?"

தெலுங்குப் படங்களும் சென்னையிலேயே தயாரான காலம் அது. கேட்ட இடம் கோடம்பாக்கத்தில், படங்களுக்குப் பின்னணி இசை சேர்க்கும் ஒரு ரீரெக்கார்டிங் தியேட்டர். இருவரும் பேசிக்கொண்டது தெலுங்கில். நம் சௌகரியத்துக்காகத் தமிழில் சொல்கிறேன்.

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேட வேண்டாம். இசையமைப்பாளர் சீதாபதிக்கும் சிம்மாசலத்துக்கும் ஒரே வயசு. உதவி டைரக்டராக அலைந்த நாளில் சிம்மாசலம் அவரிடம் ஆர்மோனியம் கற்றுக்கொள்ளப் போனார். விரலும் படியவில்லை, சுருதியும் சேரவில்லை. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. அப்படியே சீடராகிவிட்டார். பின்னால் அவர் எடுத்த படங்களுக்கெல்லாம் சீதாபதிதான் இசை.

முதல் படத்தின் பாட்டுகளை விசாகப்பட்டினத்திலிருந்து நெல்லூர் வரை முணுமுணுக்காத வாய் இல்லை. ஆனால் பாவம், அந்தப் படம் வெளியான அன்றுதான் சிம்மாசலத்தைப் பயம் பிடித்தது. ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், விஜயவாடாவில் ஒரு தியேட்டரின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே பாட்டு கேட்டது. கூடவே விசில் கேட்டது. பாட்டு முடிந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. போச்சு, எழுந்து போகப் போகிறார்கள் என்று நினைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

படம் நூறு நாள் ஓடியது. பயம் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

அடுத்த படத்தில் அந்த மாதிரி இடங்களில் கொஞ்சம் வயலின் கேட்டார். அதற்கடுத்த படத்தில் கதாநாயகி தலைவாரினால் வீணை, யாராவது மாடிப்படி ஏறினால் தபேலா. ஒவ்வொரு படத்துக்கும் கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே எங்கே சத்தம் அடங்குகிறதோ, அந்த மாதிரி இடத்தை அடுத்த படத்தில் இசையால் அடைப்பார். இப்படி அடைத்து அடைத்து, அவர் படத்தில் ஒரு மனுஷன் நிம்மதியாகத் தும்மக்கூட வழியில்லாமல் போயிற்று. தும்மலுக்கும் பின்னணி இருந்தது.

கடைசியாக வந்த மூன்று படங்களும் சுருண்டு படுத்துவிட்டன. இசை போதவில்லை என்று சிம்மாசலம் முடிவு கட்டினார். அவரிடம் என்னத்தைச் சொல்ல!

இப்போது இன்னொரு படம் கையில். இதுவும் விழுந்தால் அவரை இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. கோடம்பாக்கத்து டீக்கடை வரைக்கும் தெரிந்த சேதி அது. அவருக்கும் தெரியும்.

அன்று ரீரெக்கார்டிங் தியேட்டரின் திரையில் ஓடிய காட்சி இது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் அப்படியே கலைந்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவர வேண்டும். ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடக்கிறார்கள். இறந்தவனின் மனைவி அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு உட்கார்ந்து விறகை அடுக்கித் தீக்குச்சியைக் கிழிக்கிறாள். காட்சியில் வசனம் கிடையாது.

"இங்கே வயலின் மொத்தமும் வேணும்," என்றார் சிம்மாசலம்.

"எதுக்கு?" என்றார் சீதாபதி.

"சும்மா விட்டா ஜனங்க எழுந்து போயிடுவாங்க."

"போனதைப் பார்த்தியா?"

"பார்க்கலை. வெளியே நின்னு கேட்டிருக்கேன். பாட்டு நின்னா உள்ளே சுடுகாடு மாதிரி இருக்கும்."

சீதாபதி பேனாவை எடுத்தார். கேட்டபடியே எழுதிக்கொடுத்தார். வயலின்காரர்கள் வாசித்தார்கள். நன்றாகவே இருந்தது. அப்போதுதான் சிம்மாசலம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நெல்லூர்ல சொல்றேன்," என்றார் சீதாபதி. படத்தின் முதல் காட்சிக்கு இருவரும் நெல்லூர் போவதாக ஏற்பாடு.

இசையையும் வசனத்தையும் சேர்க்கும் மிக்சிங் நாளன்று சிம்மாசலம் ஊரில் இருக்க மாட்டார். திருப்பதி போய்விடுவார். பிரிண்ட் வந்த பிறகும் பார்க்க மாட்டார். எடிட்டர் பார்த்து, நல்லா வந்திருக்கு என்று சொன்னால் சரி. தான் எடுத்த படத்தை முழுசாகப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு இருந்ததே இல்லை. இந்த முறையும் மொட்டைத் தலையோடு நேராக நெல்லூருக்கு வந்து சேர்ந்தார்.

காலைக் காட்சி. கூட்டம் பாதிக்கு மேல் இருந்தது. சிம்மாசலம் வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றார். சீதாபதி உள்ளே போனார்.

இடைவேளை வரை இசை ஓயாமல் கேட்டது. சிம்மாசலம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டு வந்தது. முடிந்தது. அடுத்து பறை, சுடுகாடு. அதற்கப்புறம் வயலின் வர வேண்டும்.

வரவில்லை.

கதவில் காதை ஒட்டவைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா? பிரிண்டில் கோளாறா? ஜனங்கள் கத்தப் போகிறார்கள், நாற்காலியைக் கிழிக்கப் போகிறார்கள். ஆபரேட்டர் அறைக்கு ஓடுவதற்காகத் திரும்பினார். கதவு திறந்தது. சீதாபதி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"எங்கே ஓடறே?"

"சத்தம் போயிடுச்சு குருவுகாரு!"

"போகலை. மிக்சிங்ல வயலினை நான்தான் எடுத்தேன்."

"எடுத்தீங்களா?"

"தயாரிப்பாளர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். உன்கிட்டதான் சொல்லலை."

சிம்மாசலத்துக்கு வாய் குழறியது. "என்னைக் கொன்னுட்டீங்களே! இதோட என் கதை முடிஞ்சுது."

சீதாபதி பிடித்த கையை விடாமல் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்.

இருட்டு. திரையில் அந்தப் பெண் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிம்மாசலம் திரையைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தார். வரிசை வரிசையாக இருட்டில் தலைகள், ஒன்றும் அசையவில்லை. ஒருவர் இருமவில்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில் இப்படி இருந்து அவர் பார்த்ததே இல்லை. வெளியே நின்றதைவிட இது பயங்கரமாக இருந்தது.

"குருவுகாரு," என்று கிசுகிசுத்தார். "ஒருத்தரும் கைதட்டலை. விசில் அடிக்கலை. பிடிச்சிருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஆபரேட்டர்கிட்ட சொல்லி இதைத் தாண்டி..."

அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் சட்டென்று திரும்பினார். லுங்கியும் தோளில் துண்டுமாக இருந்தார். முகம் நனைந்திருந்தது.

"யோவ் மொட்டை! பேசணும்னா வெளியே போய்ப் பேசுய்யா!"

திட்டிவிட்டு மறுபடி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டு வாங்கியது யார் என்று அவருக்குத் தெரியாது.

சிம்மாசலம் அடங்கிப்போனார். திரையில் தீக்குச்சி கிழிபடும் சத்தம் கேட்டது. விறகு பற்றும் சத்தம் கேட்டது. தான் எடுத்த காட்சியை அவர் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் குருவின் காதோரம் குனிந்து, உதடு மட்டும் அசையக் கேட்டார்.

"உங்களுக்குப் பயமே கிடையாதா?"

சீதாபதி சீடரின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். உள்ளங்கை வியர்வையில் நனைந்து ஜில்லென்று இருந்தது. அதுவும் நடுங்கியது.

"முதல் படத்திலிருந்து இப்படித்தான்," என்றார் சீதாபதி. "வெளியே நின்னா இன்னும் ஜாஸ்தியாயிடும்யா. அதான் உள்ளேயே உட்கார்ந்துடறேன்."