பஞ்சு சிக்கிய இடம்

ஆம்பூரில் தில்ஷாத் தனியாக ஷூ செய்துவந்தார். படம் வரைவது முதல் அடி ஒட்டுவது வரை அவர் ஒரே ஆள். வயது முப்பத்தொன்று.

அவரிடம் கற்க வந்த சீடர் குணவதிக்கு நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் வேலை. குதிகால் தையல் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் ஷூவுக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

ஒருநாள் காலை குணவதி கேட்டார்.

“மேடம், இந்தப் பயம் எப்பத்தான் போகும்?”

“எந்தப் பயம்க்கா?”

“அம்புப் பயம்.”

கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். தையல் கோணினால், கோணின இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஒட்டுவார். குணவதி மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டினார்.

“யாருதும்மா இது? கையால தச்சியா, காலால தச்சியா?”

தில்ஷாத் சிரித்துவிட்டார். குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

பெஞ்சின் மேல் ஒரு ஜோடி ஷூ இருந்தது. மெரூன் நிறம். குணவதி தானே வரைந்து, வெட்டி, தைத்த முதல் ஜோடி. எஸ்தருக்கு.

எஸ்தர் கோர்ட்டில் கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். நாள் முழுக்க நடை. சர்க்கரை நோயில் வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. மிச்சக் காலில் உணர்ச்சி கிடையாது. இன்னொரு புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “கறுப்பு ஷூ வேணாம்மா. சாவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு. கலரா செஞ்சு குடு” என்று கேட்டிருந்தார். இன்று கோர்ட்டில் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு வருவார்.

தில்ஷாத் மேசை இழுப்பறையைத் திறந்தார். சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றை எடுத்து வைத்தார்.

குணவதி பின்னால் நகர்ந்தார். “இது எப்படி இங்க?”

“நானும் கம்பெனியில இருந்தவதானே. எங்கெங்க பயமா இருக்கோ, ஒட்டுங்க.”

குணவதி ஒட்டினார். பட்டை ஓரத்தில் ஒன்று. குதிகால் தையலில் இரண்டு. தோலில் ஊசி முனையளவு கீறலுக்கு ஒன்று. இப்படி மொத்தம் பதினேழு அம்பு. ஷூவுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மேடம்.”

“உள்ள?”

“உள்ளயும் கைவிட்டுப் பாத்தேன். வழவழன்னு இருக்கு.”

தில்ஷாத் அவர் கையைப் பிடித்து, ஒரு விரல் நுனியில் ஊசியை வைத்து லேசாக அழுத்தினார்.

“தெரியுதா?”

“என்னது?”

தில்ஷாத் ஊசியைக் காட்டினார். இருபத்திரண்டு வருடத்து நூல் அந்த விரலைக் கொம்பு மாதிரி ஆக்கியிருந்தது. குணவதி விரலைப் பார்த்தார். பிறகு எஸ்தரின் ஷூவைப் பார்த்தார்.

தில்ஷாத் ஒரு துணுக்குப் பஞ்சை இடுக்கியில் பிடித்து இடது ஷூவுக்குள் தடவி இழுத்தார். பஞ்சு முழுசாக வந்தது. வலது ஷூவுக்குள் விட்டு இழுத்தார். சுண்டுவிரல் பக்கம் வந்ததும் சிக்கி நின்றது.

இரண்டு பேரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

தையல் முடிந்த நூல் முனையை லைட்டரால் சுடுவது கம்பெனிப் பழக்கம். சுட்டால் நைலான் உருகி அடங்கும். வெளியே பார்க்க அழகாக இருக்கும். இங்கே அது உள்பக்கம் உருகி, கடுகு மாதிரி இறுகி, முனை நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த இடத்துக்கு நேராக வெளியே ஓர் அம்பும் இல்லை.

அப்போது மாடிப்படியில் குரல் கேட்டது.

“குணவதீ… குணவதீ… குணவதீ! ஆஜர் ஆகவும்!”

எஸ்தர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஷூவைப் பார்த்ததும் நின்றார்.

“அடியாத்தீ, இத்தனை அம்பு! ராமாயணச் சண்டையா நடந்துச்சு?”

குணவதி தில்ஷாத்தின் முகத்தைப் பார்த்தார். தில்ஷாத் பசை டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“எஸ்தரக்கா,” என்றார் குணவதி. “தப்பு பண்ணிட்டேன். உள்ள ஒரு முள்ளு மாதிரி விட்டுட்டேன். ஒரு மணி நேரம் உக்காருங்க.”

எஸ்தரின் சிரிப்பு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தார். வலது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

குணவதி தையலைப் பிரித்தார். மறுபடி தைத்து, நூல் முனையைச் சுடாமல், முடிச்சில்லாமல் மடக்கி, அதன் மேல் மெல்லிய ஆட்டுத்தோலை ஒட்டினார். காயவிட்டார். பஞ்சை விட்டு இழுத்தார். வந்தது. மறுபடி இழுத்தார். வந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

அதுவரை எஸ்தர் அம்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

ஷூவைப் போட்டுக்கொண்டு அறையில் நான்கு தடவை நடந்தார்.

“எப்படி இருக்குக்கா?” என்றார் குணவதி.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நீதான் சொல்லணும்.”

கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எஸ்தர் படியிறங்கினார். மெரூன் ஷூ தெருமுனை திரும்பும்வரை குணவதி ஜன்னலை விட்டு நகரவில்லை.

“மேடம்.”

“ம்.”

“கோர்ட்டு சாப்பாட்டு நேரத்துக்கு நான் போயி, ஷூவைக் கழட்டச் சொல்லிக் காலைப் பாத்துட்டு வரட்டுமா? எங்கயாவது சிவந்திருந்தா… பயமா இருக்கு மேடம்.”

“யாரைப் பாத்துப் பயம்?”

குணவதி ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“அந்தக் காலைப் பாத்துத்தான்.”

“அப்புறம் என்கிட்ட எதுக்குக்கா பர்மிஷன் கேக்குறீங்க?” என்றார் தில்ஷாத்.