ஊதா நாக்கு வியாபாரம்

மலைச்சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. பெரியவை பதினெட்டு. குட்டிகள் பதினொன்று. வளைவுக்கு மேலே காடு. அதில் நாவல், அத்தி, நெல்லி எல்லாம் காய்த்தன. வளைவுக்குக் கீழே ஒரு பெட்டிக்கடை.

குட்டிகள் காட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விடிந்ததும் சாலையோரத் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்துவிடும். வண்டி நிற்கும். கண்ணாடி இறங்கும். சிப்ஸ், முறுக்கு, கிரீம் பிஸ்கட் எல்லாம் பறந்து வரும். பெரியவையும் அவ்வப்போது வந்து பங்கு போடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மழைக்காலத்தில் அந்த வளைவில் மண் சரியும். அதனால் ஒவ்வொரு வருடமும் மழை தொடங்கும்போது கூட்டம் பள்ளத்தைத் தாண்டி எதிர்மலைக்குப் போய்விடும். இந்தக் கரையில் ஓர் இலவ மரம். அந்தக் கரையில் ஒரு வேங்கை மரம். நடுவில் ஒரே தாவல். வேறு வழி கிடையாது. தாவ முடியாத குட்டி இங்கேயே தங்க வேண்டியதுதான்.

கோடை முடியும் சமயத்தில் தாழ்ந்த மரங்களில் ஒத்திகை பார்த்தார்கள். பதினொரு குட்டிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. மரமேறாமல் உடம்பு கனத்துப் போயிருந்தது. சடைச்சி என்ற தாய்க் குரங்கின் மகன் உருண்டை பாதித் தூரம்கூடப் போகவில்லை. புதரில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்று முடித்தது.

சடைச்சி அன்று இரவு தூங்கவில்லை.

தலைவன் கட்டையன் குட்டிகளை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தது. "கேளுங்கள்! நாவல் ரத்தத்துக்கு நல்லது! அத்தி எலும்புக்கு நல்லது! நெல்லி..."

"பெரியப்பா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டது உருண்டை. "கீழே வேன் வந்து நிக்குது."

"நெல்லி பல்லுக்கு நல்லது!" என்று கட்டையன் முடித்தபோது எதிரே யாரும் இல்லை.

பெட்டிக்கடைக் கூரையில் ஒரு மைனா குடியிருந்தது. வியாபாரம் தெரிந்த பறவை. சடைச்சி அதனிடம் போய் நடந்ததைச் சொன்னது.

"நல்லதுன்னா சொன்னீங்க?" என்று மைனா கேட்டது.

"ஆமா."

"அங்கேதான் காரியம் கெட்டுது! எங்க கடைக்காரர் என்னைக்காவது சிப்ஸைக் காட்டி, 'வாங்க, உடம்புக்கு நல்லது'ன்னு கூப்பிட்டிருக்காரா?"

சடைச்சி யோசித்தது. "இல்லை."

"உங்க சரக்கிலே குறை இல்லை அக்கா. விக்கத் தெரியலை. பொட்டலத்தைப் பிரிச்சா சத்தம் வரணும். பேரைக் கேட்டா ஆசை வரணும். கைக்கு எட்டுற உயரத்திலே தொங்கணும். எல்லாருக்கும் கிடைக்காதுன்னு நாலு பேர் பேசிக்கணும்."

"உனக்குக் கூலி?"

"உன் ஆளுங்க என் கூட்டு மேலே உட்காராம இருந்தா போதும்!"

மறுநாள் பெரிய குரங்குகள் நாவல் மரத்தில் ஏறின. பழம் பறித்து, காய்ந்த தேக்கிலையில் சுற்றி, கொடி நாரால் கட்டின. கட்டும்போதே ஆளுக்குப் பத்து இருபது பழம் வாயில் போட்டுக்கொண்டன. பொட்டலங்கள் தாழ்ந்த கிளைகளில் தொங்கின. மைனா தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"ஊதா நாக்கு! ஊதா நாக்கு! கொஞ்சம்தான் இருக்கு!"

உருண்டை சுவரிலிருந்து இறங்கி வந்தது. "அது என்ன?"

"உனக்கு வேண்டாம் தம்பி. தின்னா நாக்கு ஊதாவாயிடும். சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது."

"எனக்கு வேணும்!"

"ஒருத்தருக்கு ஒண்ணுதான். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது."

தேக்கிலை சரசரவென்று பிரிந்தது. உருண்டை தின்றது. நாக்கை நீட்டி, கண்ணை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டது. ஊதாவாகத்தான் இருந்தது.

"டேய்! இங்கே பாருங்கடா!"

மதியத்துக்குள் பதினொரு நாக்கும் ஊதா. "என்னுதுதான் ரொம்ப ஊதா!" என்று சண்டை. வேன் வந்து நின்றபோது சுவரில் ஒரு குட்டியும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் மைனா பொட்டலங்களை ஒவ்வொரு கிளையாக மேலே ஏற்றச் சொன்னது. குட்டிகளும் ஏறின. உருண்டையின் வயிறு கொஞ்சம் உள்ளே போனது. சடைச்சிக்குத் தூக்கம் வந்தது.

வியாபாரம் தானாக ஓடுகிறது என்று பெரியவர்களுக்கு நிம்மதி. சுவரோ காலியாகக் கிடந்தது. வண்டிகள் நின்றுகொண்டுதான் இருந்தன.

"வீணாப் போகுதே" என்றது கட்டையன். சுவரில் போய் உட்கார்ந்தது.

மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. சடைச்சிகூடப் போனது. மசாலா சிப்ஸ், ருசி பார்க்க மட்டும்.

குட்டிக் குரங்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் தின்னும் முன் தாயின் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்க்கும். தாயின் வாயில் எந்த வாசனையோ, அதுதான் சாப்பாடு. பிறந்ததிலிருந்து அவை அப்படித்தான் கற்றுக்கொள்கின்றன.

அன்று உருண்டை ஒரு பொட்டலத்தைப் பிரித்தது. சடைச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. உருண்டை வழக்கம்போல அதன் வாயை மோந்தது. இன்னொரு முறை மோந்தது.

"அம்மா, உன் வாயிலே நாவல் வாசனையே இல்லை!"

"சாப்பிடுடா கண்ணு."

"மசாலா வாசனை வருது! உனக்கு மட்டும் சிப்ஸா?"

குட்டிகள் எல்லாம் கூடிவிட்டன. பெரியவர்களை வரிசையாக மோந்து பார்த்தன. கட்டையன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால், "எல்லாரும் போய் விளையாடுங்க!" என்றது. அதன் மீசையில் முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது.

பொட்டலங்கள் கிளைகளிலேயே தொங்கின. எறும்பு ஏறியது. சுவரில் மறுபடி கூட்டம். மேற்கே வானம் கறுக்கத் தொடங்கியது.

கட்டையன் மைனாவை வரவழைத்தது. "பேரை மாத்துவோம்! 'சிங்கப் பழம்'னு வைப்போம்! நீ இன்னும் சத்தமாக் கூவு!"

"பேர்லே கோளாறு இல்லை அண்ணாச்சி" என்றது மைனா. "உங்க வாயிலே இருக்கு."

"உன் கடைக்காரர் மட்டும் என்ன, தான் விக்கிற சிப்ஸையா திங்கிறார்?"

"தொடவே மாட்டார். மூணு வேளையும் தயிர் சோறுதான்."

"அப்புறம்? அவருக்கு ஓடுதே!"

"அவர் வாயை யாரும் மோந்து பார்க்கிறதில்லை அண்ணாச்சி. உங்க வாயைப் பதினொரு பேர் மோந்து பார்க்கிறாங்க."

கட்டையன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது. "நாளையிலேருந்து விட்டா போதுமா?"

"மழை நாளை வரைக்கும் காத்திருக்குமான்னு அதையே கேட்டுட்டு வாங்க" என்றது சடைச்சி. அது ஏற்கெனவே நாவல் மரத்தில் பாதி ஏறியிருந்தது.

பெரியவர்கள் பின்னாலேயே போனார்கள். கீழே ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. மசாலா வாசனை மரம் வரை வந்தது. கட்டையன் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மூக்கு மட்டும் சாலைப் பக்கம் இழுத்தது. ஆனால் திரும்பவில்லை.

முதல் பழம் கடமைக்கு உள்ளே போனது. பத்தாவது பழத்தில் சடைச்சி கண்ணை மூடிக்கொண்டது. சாறு முழங்கை வரை வழிந்தது. இதை இத்தனை நாள் பிள்ளைகளிடம் விற்க மட்டும் செய்தோமே என்று அதற்கு வெட்கமாக இருந்தது.

உருண்டை ஏறி வந்து மோந்தது. தாயின் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கித் தின்றது. பிறகு மேல்கிளைக்கு ஏறித் தானே பறித்தது. மற்றக் குட்டிகளும் வந்தன. அதற்குப் பிறகு தேக்கிலை தேவைப்படவில்லை. மைனாவும் கூவவில்லை. கூட்டில் படுத்துத் தூங்கியது.

முதல் தூறல் விழுந்தபோது கூட்டம் இலவ மரத்துக்குப் போனது. பத்துக் குட்டிகள் ஒவ்வொன்றாகத் தாவின. பத்தும் வேங்கைக் கிளையைப் பிடித்தன. கடைசியில் உருண்டை நின்றது. கீழே பள்ளம். அடியில் தண்ணீர் சத்தம்.

"அம்மா, நான் வரலை."

"வா."

"கை வழுக்கினா?"

சடைச்சி கிளை நுனிக்குப் போனது. வேங்கை மரத்துக்குத் தாவி, திரும்பி, கையை நீட்டியது.

உருண்டை தாவியது. கிளையைப் பிடித்த கை வழுக்கியது. மற்றக் கை பிடித்துக்கொண்டது. ஒரு நொடி அந்தரத்தில் ஆடியது. பிறகு, யாரும் தூக்கிவிடாமல், தானே மேலே ஏறியது.

அந்த வாரமே மழை கொட்டி, வளைவில் மண் சரிந்தது. தடுப்புச் சுவர் முழுதாகப் பள்ளத்துக்குள் போனது. அதன்மேல் ஒரு குட்டியும் இல்லை.

பிள்ளைகள் எதைத் தின்ன வேண்டும் என்று பெரியவர்கள் விரும்புகிறார்களோ, அதை முதலில் தாங்கள் ஆசையாகத் தின்ன வேண்டும். விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.